பாஸ்டர் மேயர் தேர்தலில் நிற்கலாமா? குடும்பக் குழுவில் ஆரம்பித்த சண்டை

ஜெலுத்தோங்_ஜெசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு குடும்பச் சண்டையைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா மகன் பல வருஷமாக அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறார். அங்கே அவர் போகிற பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர் இப்போது அந்த ஊர் மேயர் தேர்தலில் நிற்கிறாராம். அண்ணன் போஸ்டரை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினாரோ இல்லையோ, பட்டர்வொர்த் பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா கத்தோலிக்கர். "பீடத்தில் நிற்கிறவர் ஓட்டுக்கு நிற்கக் கூடாது" என்கிறார். ஈப்போ மாமா சும்மா இருப்பாரா, "திருடனும் குடிகாரனும் நிற்கிற இடத்தில் தேவ ஊழியர் நின்றால் மட்டும் உங்களுக்குக் குத்துகிறதா" என்று கேட்க, அப்புறம் பழைய கல்யாணப் பஞ்சாயத்தெல்லாம் வெளியே வந்தது, அதை விடுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். போஸ்டரில் வேத வசனம் எதுவும் இல்லை. சாலையில் குழி, தண்ணீர்க் கட்டணம், பழசாகிப்போன தீயணைப்பு வண்டி என்று ஊர்ப் பிரச்சினைதான் இருக்கிறது. ஆனால் பெயருக்கு முன்னால் 'பாஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் இன்னும் அவர்தான் செய்கிறார். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செந்தூல்_சேகர் எழுதியது:

நிற்கட்டுமே தங்கச்சி. அங்கே நிற்கவாவது ஒரு தேர்தல் இருக்கிறது. கோலாலம்பூரில் கடைசியாக நகராண்மைக் கழகத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் இப்போது எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். 1952 பிப்ரவரியில் இங்கே தேர்தல் நடந்தது, அம்னோ என்ற மலாய்க்காரர் கட்சியும் மசீச என்ற சீனர் கட்சியும் முதல்முதலாகக் கைகோத்து 12 இடத்தில் 9 பிடித்ததே அந்த நகராண்மைக் கழகத் தேர்தலில்தான், கூட்டணி அரசியலே அங்கே பிறந்தது என்று சொல்லலாம். 1960இல் சட்டம் போட்டுத் தலைநகரத்துக்குத் தேர்தலே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நியமனம்தான். டத்தோ பண்டார், அதாவது மேயர், யார் என்று காலையில் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். பாஸ்டரா, பொறியியலாளரா, ஆண்டவனே வந்தாலும் நம்மை யாரும் கேட்கப் போவதில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் தோற்கடித்து அனுப்பட்டும். இதில் பெரியம்மாவுக்கு என்ன கோபம்?

பாகான்_ஸ்டெல்லா எழுதியது:

சேகர் அண்ணே, பெரியம்மாவின் கோபம் எங்களுக்குப் புரியும். எங்கள் திருச்சபைச் சட்டத்தில் 285ஆம் விதி என்று ஒன்று உண்டு, ஆட்சி அதிகாரம் உள்ள அரசுப் பதவி எதையும் குருக்கள் ஏற்கக் கூடாது. ராபர்ட் ட்ரைனன் என்று ஒரு இயேசு சபைக் குருவானவர் 1971லிருந்து பத்து வருஷம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார், நல்ல பெயரும் இருந்தது. 1980இல் போப் இரண்டாம் ஜான் பால் "மறுபடி நிற்காதீர்கள்" என்று உத்தரவு போட்டார், அவரும் மறு பேச்சுப் பேசாமல் விலகிக்கொண்டார். பராகுவேயில் ஃபெர்னாண்டோ லூகோ ஆயராக இருந்தவர், 2008இல் நாட்டின் அதிபராகவே ஜெயித்தார், அதற்காக ரோம் அவரைக் குருத்துவத்திலிருந்து விடுவித்துப் பொதுநிலையினர் ஆக்கியது. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் சேர்த்துக் கிடையாது.

ஆனால் பாப்டிஸ்ட் சபைக்கு மேலே போப் கிடையாது, ஆயர் கிடையாது. சபையார் கூடி வைத்ததுதான் சட்டம். அதனால் பெரியம்மா தன் வீட்டு அளவுகோலைக் கொண்டுபோய் அடுத்த வீட்டை அளக்கிறார். ஜெசி, அதை நீங்கள் அவரிடம் சொல்லாதீர்கள், நான் சொன்னதாகவும் சொல்லாதீர்கள்.

சட்டப்புத்தகம் எழுதியது:

அமெரிக்கச் சட்டத்தைக் கேட்டால் தாராளமாக நிற்கலாம். அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவரே ஒரு பாப்டிஸ்ட் போதகர்தான். டென்னசி மாநிலத்தில் மதகுருமார் சட்டமன்றத்துக்குப் போகக் கூடாது என்று 1796லிருந்தே அரசியலமைப்பில் தடை இருந்தது. அந்தத் தடையை அரசியலமைப்பு மாநாட்டுப் பிரதிநிதித் தேர்தலுக்கும் பிடித்து நீட்டினார்கள். சாட்டனூகா ஊர்ப் போதகர் மெக்டானியல் நின்றார், எதிர்த்து நின்றவர் வழக்குப் போட்டார், 1978இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கிப் போட்டது. அரசியலுக்கு வர வேண்டுமானால் ஊழியத்தை விடு, ஊழியம் செய்ய வேண்டுமானால் அரசியலை விடு என்று அரசாங்கம் ஒருவரை நெருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அதே நேரத்தில் 1954லிருந்து அங்கே இன்னொரு விதியும் இருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற சபை எந்த வேட்பாளருக்கும் பிரசாரம் செய்யக் கூடாது. ஆக, பாஸ்டர் தனி மனிதராக நிற்கலாம், சபை அவருக்காக நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து "எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்றால் சட்டத்தின் எழுத்துப்படி சிக்கல் சபைக்குத்தான். கண்டிப்பாக அமல்படுத்துகிறார்களா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

நம் மலேசியாவுக்கு வந்தால், மதகுரு என்பதற்காக யாரையும் தேர்தலில் நிற்கக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. ஆனால் 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள். ஆன்மிக ரீதியாகக் கெடுதல் வரும் என்று மிரட்டி ஓட்டு வாங்குவதும் குற்றம். "எனக்குப் போடாவிட்டால் நரகம்" என்று சொன்னால் அடி உதை என்று மிரட்டியவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஹமீது_பினாங்கு எழுதியது:

இங்கே யாரும் கிளந்தானைப் பேசவில்லையே? மார்க்க அறிஞர் நிக் அஜீஸ் 1990இலிருந்து 2013 வரை அந்த மாநிலத்தின் மந்திரி பெசார், அதாவது முதல்வர். ஊரே 'தொக் குரு' என்று கூப்பிட்ட மனிதர். வெள்ளிக்கிழமை காலையில் கோத்தா பாருவில் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பாடம் எடுப்பார். அதில் மார்க்கமும் இருக்கும், அரசியலும் இருக்கும், எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று கேட்டவர்களுக்கே தெரியாது. பிடித்தவர்களுக்கு அதுதான் பிடித்தது, பிடிக்காதவர்களுக்கு அதுதான் பயம். எளிமையான வாழ்க்கை வாழ்ந்தவர் என்பதை மட்டும் எதிரியும் ஒத்துக்கொள்வான்.

ஆனால் எங்கள் பள்ளிவாசல் இமாமை எடுத்துக்கொண்டால் கதையே வேறு. இமாமை நியமிப்பது மாநில சமய இலாகா, வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் எழுதி வருவதும் அங்கிருந்துதான். அவர் நினைத்தாலும் மிம்பர் மேடையில் ஏறி ஓட்டுக் கேட்க முடியாது. பினாங்கில் பழைய காலத்தில் எப்படி என்றால், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் கட்டிய காதிர் மொஹிதீன் வியாபாரி, சமுதாயத் தலைவர், லெபை இல்லை. ஊர் நியாயத்தை ஒருவர் பார்த்தார், தொழுகையை இன்னொருவர் நடத்தினார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த தெளிவு அது.

குருக்கள்_வீட்டுப்_பையன் எழுதியது:

எங்கள் பக்கம் இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் பாதிக் கோயில்களில் குருக்கள் தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலை பெர்மிட்டில் வந்தவர். வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பித்துத் தருவார்களா என்று கமிட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர் எங்கே மேயருக்கு நிற்பது? எங்கள் அப்பா இங்கேயே பிறந்தவர், அவருக்கே கமிட்டித் தலைவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும்.

நம் கோயில்களில் சாமியார் அரசியலுக்குப் போகவில்லை, அரசியல்வாதி கோயிலுக்குள் வந்துவிட்டார். பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குச் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894லிருந்து போகிறது, 2017இல் இந்து அறநிலைய வாரியம் தங்க ரதத்தை இறக்கியது, வாரியத் தலைவர் பதவியில் இருந்தவர் யார், துணை முதலமைச்சர்தானே. எந்த ரதம் முன்னால் போவது என்று பேசிப் பேசியே அந்த வருஷத் தைப்பூசம் போனது. இதில் எந்தக் குருக்களையாவது யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

செந்தூல்_சேகர் எழுதியது:

தம்பி சொல்வது சத்தியம். நானும் ஒரு கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்து அடிபட்டவன். ஆண்டுக் கூட்டத்துக்குப் போலீஸ் பெர்மிட்டும் வேண்டும், போலீஸும் வேண்டும்.

பழைய_லைசென்ஸ் எழுதியது:

நான் பேசலாமா என்று யோசித்துக்கொண்டே மேலே உள்ளதை எல்லாம் படித்தேன். ஒரு நகராண்மைக் கழகத்தில் (எது என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன்) லைசென்ஸ் பிரிவிலும் அப்புறம் கட்டடப் பிரிவிலும் வேலை பார்த்தவன். நீங்கள் எல்லாரும் பாஸ்டரின் அங்கியைப் பார்க்கிறீர்கள். எனக்குக் கண்ணில் தெரிவது அவர் மேசைக்கு வரப்போகிற ஃபைல்.

மேயர் என்பவர் நாடாளுமன்றத்தில் பேசுகிறவர் இல்லை. கையெழுத்துப் போடுகிறவர். ஊராட்சி மன்றத்துக்கு வருகிற கோப்புகளில் மதம் சம்பந்தப்பட்டது எவ்வளவு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கோயிலுக்கு முன்னால் அனுமதி இல்லாமல் ஜிங்க் கூரை போட்டுவிட்டார்கள், இடிப்பதா, அபராதமா? கடைவீட்டு மாடியில் சபை நடக்கிறது, அந்த இடம் வியாபாரத்துக்கு மட்டும் என்று பிளானில் இருக்கிறது, பக்கத்து டயர் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் இல்லை என்று புகார் எழுதுகிறார். சுராவ் என்கிற சின்னத் தொழுகை இடத்தின் ஒலிபெருக்கி, தோக்கோங் என்கிற சீனக் கோயிலில் ஏழாம் மாதப் பூசைக்குச் சாலையை மறித்துப் போடும் கூடாரம். இதெல்லாம் வாரா வாரம் வரும். ஒவ்வொன்றிலும் சட்டப்படி ஒரு பதில் இருக்கும், மனிதாபிமானத்தோடு இன்னொரு பதில் இருக்கும், கடைசியில் நடப்பது மூன்றாவதாக ஒன்று.

அந்த மூன்றாவது எப்படி வரும் தெரியுமா? ஃபைலைத் திறந்தால் மனுவின் மேல் மூலையில் மஞ்சள் நிறச் சின்னச் சீட்டு ஒன்று ஸ்டேப்பிள் அடித்து இருக்கும். 'தோலோங் பந்து' (தயவுசெய்து உதவுங்கள்) என்று பேனாவில் மலாயில் இரண்டே வார்த்தை, கீழே ஒரு சுருக்கொப்பம். தேதி இருக்காது, முத்திரை இருக்காது. ஃபைல் முடிந்ததும் அந்தச் சீட்டு காணாமல் போய்விடும், ஸ்டேப்பிள் போட்ட இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். அதை எழுதியவர் பெரும்பாலும் எந்த மதகுருவும் இல்லை. யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத, கட்சி நியமித்து அனுப்பிய உறுப்பினர், இல்லாவிட்டால் அவருக்கு மேலே உள்ளவர்.

ரியோ டி ஜெனிரோவைப் பாருங்கள். மார்செலோ கிரிவெல்லா, யூனிவர்சல் சபையின் பிஷப், 2017 ஜனவரியில் மேயர் ஆனார். கார்னிவலுக்கு நகரசபை கொடுக்கும் பணத்தைப் பாதியாக வெட்டினார். உலகமெல்லாம் அதைத்தான் எழுதியது, பிஷப் ஆட்டத்துக்கு எதிரி என்று. என்னைக் கேட்டால் பெரிய விஷயம் அது இல்லை. 2018இல் மேயர் மாளிகையில் பாஸ்டர்களைக் கூட்டி வைத்து ஒரு கூட்டம். உங்கள் சபையாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை வேண்டுமா, சபைக் கட்டடத்துக்குச் சொத்து வரிப் பிரச்சினையா, என் ஆளிடம் பேசுங்கள் என்று சொன்னது பதிவாகி வெளியே வந்துவிட்டது. பொது மருத்துவமனையில் எத்தனை ஏழைகள் அதே அறுவைக்கு வரிசையில் காத்திருந்திருப்பார்கள்? பதவிநீக்கத் தீர்மானம் வந்தது, தப்பித்தார். 2020இல் தோற்றார், பதவிக்காலம் முடிய சில நாள் இருக்கும்போது வேறொரு ஊழல் வழக்கில் கைதும் ஆனார். அந்த 2018 கூட்டத்தை நான் படித்தபோது எனக்கு அந்த மஞ்சள் சீட்டுதான் ஞாபகம் வந்தது. பிரேசிலில் அதை வாயால் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் என் பதில்: பாஸ்டர் நிற்கலாம். ஆனால் சபைச் சம்பளத்தையும் பிரசங்க மேடையையும் விட்டுவிட்டு நிற்க வேண்டும். நல்லவரா கெட்டவரா என்பது இல்லை. கோப்பு வரும்போது அவர் மனு போட்டவராகவும் கையெழுத்துப் போடுகிறவராகவும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது.

பாகான்_ஸ்டெல்லா எழுதியது:

அங்கிள், எதிர் உதாரணமும் இருக்கிறது. கன்சாஸ் சிட்டியில் எமானுவேல் கிளீவர் 1991லிருந்து 1999 வரை மேயர். அந்த நகரத்துக்கு முதல் கறுப்பின மேயர். மேயராக இருந்த காலம் முழுக்கத் தன் மெதடிஸ்ட் சபையின் போதகராகவும் இருந்தார், அப்புறம் நாடாளுமன்றத்துக்கும் போனார். அட்லாண்டாவில் 1982 முதல் 1990 வரை மேயராக இருந்த ஆண்ட்ரூ யங்கும் அபிஷேகம் பெற்ற போதகர், மார்ட்டின் லூதர் கிங்கோடு கூடவே நடந்தவர். கறுப்பின மக்களுக்கு வேறு எந்த அமைப்பும் இல்லாத காலத்தில் சபைதான் எல்லாம், கூட்டம் போடும் இடமும் அதுதான், கடன் கேட்கிற இடமும் அதுதான். அங்கிருந்துதான் தலைவர்கள் வர முடியும். அவர்களைப் போய் "முதலில் மேடையை விடுங்கள்" என்று சொல்வது, அவர்களிடம் இருந்த ஒரே ஏணியையும் எடுத்துவிட்டு ஏறச் சொல்வதுதானே?

பழைய_லைசென்ஸ் எழுதியது:

ஏறி முடித்த பிறகு ஏணியைக் கீழே வை என்கிறேன் அம்மா. கிளீவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நல்ல மனிதரை வைத்து விதி எழுதக் கூடாது, அடுத்து வருபவரை வைத்துத்தான் எழுத வேண்டும்.

சட்டப்புத்தகம் எழுதியது:

கோலாலம்பூரில் கடந்த வருஷங்களில் நடந்ததைப் பார்த்தாலும் லைசென்ஸ் ஐயா சொல்வது புரியும். ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில், நூறு வருஷத்துக்கு மேல் பழசு. கோயில் நின்ற நிலம் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகராட்சி வசம் இருந்தது, 2014இல் ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்றார்கள். பத்து வருஷம் கழித்து அங்கே பள்ளிவாசல் கட்டும் நேரம் வந்தபோதுதான் நாடே பேசியது. 2025 மார்ச்சில் பக்கத்திலேயே வேறு இடம் தருவதாக முடிவானது. எல்லாரும் கோயிலா பள்ளிவாசலா என்று அடித்துக்கொண்டார்கள். எனக்கு உறைத்தது வேறு. 2014இல் அந்த நிலத்தை விற்ற டிபிகேஎல்லில் ஓட்டு வாங்கி வந்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. கோலாலம்பூரில் நகரசபை உறுப்பினர் என்று யாருமே கிடையாது, ஆலோசனை வாரியம்தான். யாரைப் போய்க் கேட்பது?

ஹமீது_பினாங்கு எழுதியது:

அதனால்தான் எங்கள் ஊர் ராமநாதனை நினைக்கச் சொல்கிறேன். 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மாநகரம் ஆனது, சுதந்திரத்துக்கும் முன்னால். முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், ஆசிரியராக இருந்தவர். ஒரு தமிழர் ஓட்டு வாங்கி மேயராக வந்த ஊர் இது. அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது, புலாவ் தீக்குஸ் பக்கம், முன்பு ஸ்காட் ரோடு.

சட்டப்புத்தகம் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம் பாய். மக்கள் உறுப்பினர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், உறுப்பினர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் போஸ்டர் அடித்து நேரடியாக நிற்பது போல இல்லை. அதுவும் 1965இல் இந்தோனேசியா மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் மறு வருஷமே முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் வைத்தார்கள், 1968இல் அறிக்கை கொடுத்தார், தேர்தல் வேண்டும் என்றுதான் சொன்னார். 1976 ஊராட்சி மன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அதை மூடிவிட்டார்கள். பினாங்கு அரசு 2012இல் தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. 2023இல் ஏ. ராஜேந்திரன் பினாங்குத் தீவு மேயரானபோது ராமநாதனுக்குப் பிறகு இன்னொரு இந்தியர் என்று சந்தோஷப்பட்டோம், ஆனால் அவரும் நியமனம்தான்.

குருக்கள்_வீட்டுப்_பையன் எழுதியது:

நாளைக்கே ஊராட்சித் தேர்தல் திரும்பி வந்தால் முதலில் நிற்பது யார் என்று நினைக்கிறீர்கள்? உஸ்தாஸ் ஒருவர், பாஸ்டர் ஒருவர், கோயில் தலைவர் நான்கு பேர். ஒரே கோயிலிலிருந்து.

செந்தூல்_சேகர் எழுதியது:

ஹா ஹா, அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும்.

ஆனால் நிஜமாகச் சொல்கிறேன், நிற்கட்டும். வெளியே வந்து நிற்கட்டும். மஞ்சள் சீட்டு எழுதுகிறவரை நான் எங்கே போய்த் தோற்கடிப்பது?

ஜெலுத்தோங்_ஜெசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லைசென்ஸ் அங்கிள் எழுதியதைப் படித்த பிறகு நேற்று இரவு அண்ணனுக்கே போன் போட்டேன். சபைக்கும் நகரசபைக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, சபைக்குப் பின்னால் நகரத்துக்குச் சொந்தமான ஒரு காலி நிலம் இருக்கிறது, அதைப் பார்க்கிங் இடமாகக் குத்தகைக்குக் கேட்டு மனு போட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை என்றார். அந்த மனுவில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன். பாஸ்டர்தான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவர் ஜெயித்தால் சம்பளம் பெரிதாக ஒன்றும் கிடையாதாம், சின்ன நகரம், அன்றாட நிர்வாகத்தைச் சம்பளத்துக்கு வைத்த ஒரு மேலாளர் பார்க்கிறாராம். அதனால் சபைச் சம்பளத்தை விடுங்கள் என்றால் வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது என்று அண்ணன் கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

பழைய_லைசென்ஸ் எழுதியது:

பார்க்கிங்! எந்த நாட்டுக்குப் போனாலும் பார்க்கிங்தான்.

சரி, சம்பளத்தை விட முடியாது என்றால் குறைந்தபட்சம் இதையாவது கேட்கச் சொல்லுங்கள். தேர்தலுக்கு முன்னாலேயே அந்த மனுவைச் சபை திரும்ப வாங்கிக்கொள்ளட்டும், அவர் பதவியில் இருக்கும்வரை மறுபடி போடாமல் இருக்கட்டும். அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டோம் என்றால், அந்தக் கோப்பு வரும் நாளில் அவர் கூட்ட அறையை விட்டு வெளியே போய் நிற்பார் என்று இப்போதே எழுதிக் கொடுத்து, அதைச் சபை அறிவிப்புப் பலகையில் இல்லாமல் உள்ளூர்ப் பத்திரிகையில் போடட்டும். பிரசங்கத்தைத் தேர்தல் முடியும்வரை மூப்பர் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அவர் 'முடியாது' என்று சொன்னால் அண்ணனுக்கு யாருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று தெரிந்துவிடும்.

ஜெலுத்தோங்_ஜெசி எழுதியது:

இதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன் அங்கிள். இந்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மூப்பர்களிடம் கேட்பதாகச் சொன்னார். குடும்பக் குழுவில் மட்டும் போட வேண்டாம் என்றேன், அதற்குள் போட்டுவிட்டார். பெரியம்மா இப்போதுதான் பார்த்தார், "டைப்பிங்" என்று காட்டுகிறது.